பழைய போர்ஷே 911-இல் ஏசி காற்று: ப்ளோயர் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

1974 முதல் 1989 வரை வந்த போர்ஷே 911 ஒன்றை வைத்திருப்பவரிடம் "வண்டியில் ஏசி இருக்கா?" என்று கேட்டால், "சுவிட்ச் இருக்கு" என்று பதில் வரும். இன்ஜின் சத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட, ஏசி பேச்சு வந்தால் "கண்ணாடியை இறக்கிட்டுப் போயிடுவேன்" என்று முடித்துக்கொள்வார்கள். ஜெர்மனியின் கோடைக்கு அது சரி. ஹூஸ்டனுக்கும் ஃபீனிக்ஸுக்கும் சரிவராது. அமெரிக்கா இந்தக் காரின் பெரிய சந்தை. ஏசி பொருத்திய 911-கள் ஏராளமாக அங்கே போயின, இன்றும் ஓடுகின்றன.

அவற்றின் சொந்தக்காரர்கள் பலருக்கும் இருப்பது ஒரே குறை: வெண்டில், அதாவது டாஷ்போர்டில் காற்று வெளிவரும் வாயில், காற்று போதவில்லை. உடனே மனசு போவது காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயரிடம், அதற்குப் பெரிய மோட்டாரிடம். கடைகளும் அதைத்தான் முதலில் காட்டும். என் கணக்கில் ப்ளோயர் நான்காவது இடத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய மூன்று வேலைகளும் அதைவிட மலிவு. அவற்றைச் செய்யாமல் ப்ளோயரை மட்டும் மாற்றினால் பாதிப் பணம் வீண்.

இங்கே பேசுவது 911-இன் எஸ்சி (1978–83), கரேரா 3.2 (1984–89) என்ற இரண்டு மாடல்களையும் பற்றித்தான். 1989-இல் வந்த அடுத்த தலைமுறை 911-ஆன 964 வேறு ஜாதி. அதன் ஏசி, ஹீட்டர் அமைப்பே புதிது.

வண்டிக்குள் என்ன எங்கே இருக்கிறது

சாதாரணக் காரில் ஏசி சாமான்கள் எல்லாம் பானெட்டுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 911-இல் இன்ஜின் பின்னால். ஆகவே ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரஸரும் பின்னால். கேஸைக் குளிர்விக்கும் கண்டன்சர் ஒன்று இன்ஜின் மூடியின் அடியில், இன்னொன்று முன் பம்பருக்குக் கீழே. காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரும் அதன் ப்ளோயரும் முன் டிக்கியின் பின்பக்கக் குழிக்குள். இவற்றை இணைக்கும் ஹோஸ்கள் வண்டியின் நீளம் முழுக்கப் போய்த் திரும்புகின்றன. போகிற வழியெல்லாம் ரோட்டுச் சூட்டையும் வாங்கிக்கொள்கின்றன.

பின் மூடியில் இருக்கும் கண்டன்சருக்குத் தனி ஃபேன் கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்கும் பெரிய ஃபேன் இழுக்கும் காற்றுதான் அதன் வழியாகவும் போகிறது. அந்த ஃபேன் பெல்ட்டில் ஓடுவது. சிக்னலில் நின்றால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும், கண்டன்சருக்குக் காற்று குறையும். அதோடு, கண்டன்சரைத் தாண்டி வரும் சூடான காற்றைத்தான் இன்ஜின் தன் மேல் அடித்துக்கொள்கிறது. ஏர் கூல்டு இன்ஜினுக்கு இது பிடித்த விஷயமல்ல.

கேபினில் காற்று வந்து சேரும் இடம்தான் பெரிய பரிதாபம். 1985 வரையான வண்டிகளில் ஏசி வெண்ட்கள் மிகச் சிறியவை. 1986 மாடலில்தான் போர்ஷே அவற்றைப் பெரிதாக்கியது. அதாவது, கம்பெனியே பன்னிரண்டு வருடம் கழித்து ஒப்புக்கொண்ட குறை இது.

காற்று குறைவா, குளிர் குறைவா?

இரண்டும் வேறு நோய். உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: வேர்க்கிறது. ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கெடுத்துவிடும் என்பதால் முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

நடு வெண்டில் ஒரு சமையலறைத் தெர்மாமீட்டர், ஏசி காற்றை இழுக்கும் இடத்தில் இன்னொன்று. பத்து நிமிடம் வண்டி ஓட்டிய பிறகு இரண்டுக்கும் இடையே 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்து, கையில் காற்று லேசாகத்தான் படுகிறது என்றால், குளிர் இருக்கிறது, காற்று வரவில்லை. காற்று சுமாராக வருகிறது, வித்தியாசம் 7, 8 டிகிரிதான் என்றால் ப்ளோயரைத் தொடவே வேண்டாம். உங்கள் பிரச்சினை கேஸ், கம்ப்ரஸர், கண்டன்சர் பக்கம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். கிளம்பும்போது காற்று நன்றாக வரும். அரைமணி நேரம் ஹைவேயில் போனதும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சும். ஏசியை நிறுத்தி, ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் சிறிது நேரத்தில் காற்று திரும்ப வரும். இது எவாப்பரேட்டரில் ஐஸ் கட்டுவது. ஈரக் காற்றிலிருந்து இறங்கும் தண்ணீர் அதன் தகடுகளுக்கு இடையிலேயே உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. குளிர் அளவைப் பார்த்து கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும், அல்லது அதன் மெல்லிய உணர்குழாய் எவாப்பரேட்டருக்குள் சரியான இடத்தில் செருகப்படாமல் இருக்கும். முன்பு யாரோ வேலை பார்த்துவிட்டு அவசரத்தில் செருகிய குழாயாக இருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். இதற்குப் புது ப்ளோயர் வாங்கினால் ஐஸ் கட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

முதல் வழி: மோட்டாருக்கு முழுக் கரண்ட்

நாற்பது வயது வயரிங்கில் மோட்டார் வரை போய்ச் சேரும் வோல்டேஜை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்கும். அதே நேரத்தில் ப்ளோயரின் கனெக்டரில் 10.5 மட்டும் வருவது பழைய வண்டியில் அதிசயமல்ல. நடுவில் இருப்பவை: பழைய சுவிட்ச், பச்சை பிடித்த கனெக்டர், வண்டியின் பாடியோடு சேரும் இடத்தில் துருப்பிடித்த எர்த் முனை. அப்புறம் அந்தக் கால ஜெர்மன் வண்டிகளுக்கே உரிய, இரு முனையும் கூம்பாக இருக்கும் ஃப்யூஸ்கள். அவை ஒரு வளைந்த தகட்டின் அழுத்தத்தில் மட்டும் நிற்பவை. முனை மங்கியதும் அங்கேயே வோல்டேஜ் விழும், சூடாகும். வெளியே எடுத்துத் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் போட்டாலே சில வண்டிகளில் வித்தியாசம் தெரியும்.

3 வோல்ட் இழப்பு என்றால் எவ்வளவு காற்று இழப்பு? சாதாரண டிசி மோட்டாரின் வேகம் ஏறத்தாழ வோல்டேஜோடு சேர்ந்து ஏறும். ஃபேன் தள்ளும் காற்று அதன் வேகத்தோடு சேர்ந்து ஏறும். 10.5-ஐ 13.5 ஆக்கினால் காற்று கால்பங்குக்கு மேல் கூடலாம். ஆனால் ஃபேன் கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்குப் போகும், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். வயரில் ஓடும் ஆம்பியர் ஒன்றரை மடங்கைத் தாண்டும். இந்தக் கூடுதல் கரண்டைப் பழைய சுவிட்ச் வழியாகவே இழுத்தால் சுவிட்ச் உருகும். அதனால்தான் ரிலே: சின்னக் கரண்டில் தட்டினால் பெரிய கரண்டைத் தானே கடத்தும் சுவிட்ச்.

ரிலே போடுவது 911-இல் அதிர்ஷ்டவசமாகச் சுலபம். 1974-க்குப் பிறகு வந்த வண்டிகளில் பேட்டரி முன் டிக்கியின் இடது மூலையில் இருக்கிறது. ப்ளோயரும் அதே டிக்கியின் பின்பக்கம்தான். பேட்டரியிலிருந்து தடித்த புது வயர் ஒன்று, பக்கத்திலேயே அதற்கு ஃப்யூஸ், ஒரு ரிலே, நல்ல எர்த். பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டுவதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். அதிவேக நிலையை மட்டும் ரிலேக்கு மாற்றினால் போதும். குறைந்த வேகங்கள் பழைய ரெசிஸ்டர் வழியாகவே ஓடட்டும்.

ஒரு மதிய வேலை, சில பத்து டாலர் சாமான். வேண்டாமென்றால் கழற்றி, வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். ஒரிஜினல் நிலையில் வைத்திருக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். எல்லா வழிகளிலும் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். வோல்டேஜ் இழப்பு அரை வோல்ட்டுக்குள்தான் இருக்கிறது என்றால் மட்டும் விட்டுவிடலாம்.

இரண்டாவது: வழியைத் துப்புரவாக்குவது

ஏசி ஓடும்போது இந்த அமைப்பு கேபின் காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கிறது. அதில் ஃபில்டர் இல்லை. முப்பது, நாற்பது ஆண்டுத் தூசி, கார்பெட் நூல், நாய் முடி எல்லாம் எவாப்பரேட்டரின் ஈரத் தகடுகளில் ஒட்டி, கம்பளம்போல் படிந்திருக்கும். எவாப்பரேட்டர் பெட்டியைத் திறந்தவர்கள் எடுத்துக் காட்டும் படங்களைப் பார்த்தால் இதன் வழியாக இவ்வளவாவது காற்று வந்ததே என்று தோன்றும்.

கூடவே, பெட்டியின் இரு பாதிகளுக்கும் இடையிலும் குழாய்ச் சேர்மானங்களிலும் இருந்த நுரைப்பஞ்சு பொடியாகியிருக்கும். வெண்டிலிருந்து கறுப்புத் துகள் மடியில் விழுந்தால் அதுதான். பஞ்சு போன இடைவெளியில் குளிர்ந்த காற்று டாஷ்போர்டுக்கு உள்ளேயே கசிந்து வீணாகிறது. துளைகள் மூடிய வகைப் புதுப் பஞ்சு ஒட்டி, சேர்மானங்களை அலுமினிய டேப்பால் சுற்றினால் அந்தக் காற்று உங்களிடம் வரும். காற்று இழுக்கும் வாயைப் புதுக் கார்பெட் மூடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் வடியும் குழாயையும் ஊதி விடுங்கள்.

எவாப்பரேட்டரை முழுக்கக் கழுவ வேண்டுமென்றால் கேஸை இறக்க வேண்டியிருக்கும். இறக்காமல், ப்ளோயரைக் கழற்றிய வழியில் மெல்லிய பிரஷ்ஷும் வேக்குவமும் வைத்து எட்டுகிற வரை செய்வது ஒரு சமரசம். எப்படியும் கேஸ் பக்கம் வேலை வரப்போகிறது என்றால் அதுவரை பொறுத்திருந்து ஒழுங்காகவே செய்யலாம்.

மூன்றாவது: வெண்ட்

புனலின் வாய் குறுகலாக இருக்கும்போது குடத்தை எவ்வளவு சாய்த்தாலும் ஒரே அளவுதான் இறங்கும். 1986-க்கு முந்தைய வண்டிகளின் நடு வெண்ட் அப்படி. அழுத்தம் கூட்டினால் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் வரும்.

இங்கே இரண்டு வழி. ஒன்று, பழைய டாஷ்போர்டிலேயே பொருந்தும்படி வெளியில் செய்து விற்கும் அகலமான நடு வெண்ட். பொருத்துவது எளிது, பலன் உடனே தெரியும், பார்வைக்கும் பெரிதாக உறுத்தாது. இரண்டாவது, 1986–89 வண்டியின் டாஷ்போர்டையே கொண்டுவந்து மாட்டுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வண்டியில் டாஷ்போர்டைக் கழற்ற முன் கண்ணாடியை எடுக்க வேண்டும். கண்ணாடியை எடுத்தால் அதைச் சுற்றிய ரப்பர் போகும். ரப்பருக்குக் கீழே துரு கண்ணில் படும். துருவைப் பார்த்தபிறகு பெயின்ட் வேலை. ஏசியில் தொடங்கி பாடி ஷாப்பில் முடியும் பயணம் அது. டாஷ்போர்டு வெடித்துப்போய் எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

உங்களுடையது 1986 அல்லது அதற்குப் பிந்தைய வண்டி என்றால் இந்தப் பகுதியே உங்களுக்கு வேண்டாம். குழாய்கள் வெண்டின் பின்பக்கம் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று மட்டும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

நான்காவது: பெரிய ப்ளோயர்

இப்போதுதான் ப்ளோயர். கூடுதல் காற்றுத் தள்ளும் மாற்று மோட்டாரும் விசிறிச் சக்கரமும் இந்த வண்டிகளுக்கென்றே கிடைக்கின்றன. மோட்டாரின் புஷ்ஷும் கார்பனும் தேய்ந்து கீச்சிடுகின்றன என்றால் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். நல்லதாகவே வாங்குங்கள். கேள்வி, நன்றாக ஓடும் மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரியது போடலாமா என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 170 கன மீட்டர் காற்றை 20 டிகிரி குளிர்விக்கச் சுமார் 1.1 கிலோவாட் குளிர்சக்தி வேண்டும், ஈரத்தைக் கணக்கில் சேர்க்காமல். ப்ளோயரை மாற்றி மணிக்கு 340 கன மீட்டர் ஆக்கிவிட்டோம், பின்னால் குளிர்சக்தி அதேதான் என்றால், வெண்டில் குளிர் 20-க்குப் பதில் 10 டிகிரிதான் இறங்கும். உண்மையில் இவ்வளவு மோசமாகாது. எவாப்பரேட்டர் மேல் அதிகக் காற்று போனால் கேஸ் இன்னும் சுறுசுறுப்பாகக் கொதிக்கும், கொஞ்சம் கூடுதல் சூட்டை எடுக்கும். ஆனால் அப்படி எடுத்த சூட்டை வெளியே தள்ள வேண்டியவை கண்டன்சர்கள். அவை ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் கணக்கு மறுபடி 10 டிகிரிப் பக்கமே சாயும்.

ஊரும் இதில் முக்கியம். ஹூஸ்டன் காற்றில் ஈரம் அதிகம். எவாப்பரேட்டரிலிருந்து மணிக்கு 1 லிட்டர் தண்ணீர் சொட்டுகிறது என்றால், அந்த ஈரத்தை இறக்குவதற்கே சுமார் 0.7 கிலோவாட் செலவாகிவிடும். மிச்சம்தான் காற்றைக் குளிர்விக்க. அங்கே ப்ளோயரை மட்டும் பெரிதாக்கியவர்கள் "காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது, ஆனால் பிசுபிசுப்பு போகவில்லை" என்று சொன்னால் காரணம் இதுதான். ஃபீனிக்ஸில் காற்று காய்ந்தது. எவாப்பரேட்டருக்கு அந்தச் சுமை இல்லை, வேகமான காற்று வியர்வையையும் உடனே உலர்த்தும். ஆகவே அதே ப்ளோயர் அங்கே அதிக சந்தோஷம் தரும். ஆனால் 43 டிகிரி வெயிலில் கண்டன்சருக்குக் கிடைக்கும் காற்றே கொதிக்கும் என்பதால் பிரச்சினை அந்தப் பக்கம் தலைகாட்டும்.

ஆக, பெரிய ப்ளோயர் யாருக்கு? தெர்மாமீட்டரில் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டி, மோட்டாருக்கு முழு வோல்டேஜும் போய், வழியும் வெண்டும் திறந்திருந்தும் காற்று போதாதவருக்கு. அப்படிப்பட்ட வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் குறைவு.

எவாப்பரேட்டரையும் மாற்றலாமா என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: புது வகை எவாப்பரேட்டர்களில் தகடுகள் நெருக்கமாக இருக்கும். சூட்டை நன்றாக எடுக்கும், காற்றை அதிகம் தடுக்கும். பழைய ப்ளோயரை வைத்துக்கொண்டு எவாப்பரேட்டரை மட்டும் மாற்றினால் காற்று முன்பைவிடக் குறையவும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஜோடியாக, ஒரே இடத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டையுமே விட்டுவிடுங்கள்.

குளிர் பக்கம்: கண்டன்சர், ஹோஸ், கேஸ்

தெர்மாமீட்டர் 7, 8 டிகிரி காட்டியவர்களுக்கு இதுதான் உண்மையான வேலை. முதல் வகையினரும் படித்துவைக்கலாம், காற்றைக் கூட்டியதும் அடுத்து இங்கேதான் வந்து நிற்பார்கள்.

இந்த வண்டிகள் பிறந்தது ஆர்-12 கேஸோடு. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, 1996 தொடக்கத்தோடு அமெரிக்காவில் அதன் புது உற்பத்தி நின்றது. இன்று கிடைப்பது பழைய இருப்பும் மீட்டெடுத்ததும்தான். அதை வாங்க அமெரிக்காவில் கார் ஏசி கேஸைக் கையாளுவதற்கான 609 சான்றிதழ் வேண்டும். பெரும்பாலானவர்கள் ஆர்-134ஏ என்ற மாற்றுக் கேஸுக்கு மாறிவிட்டார்கள். மாறியதில் ஒரு விலை இருக்கிறது. கண்டன்சர் 60 டிகிரியில் இருக்கும்போது ஆர்-12-இன் அழுத்தம் சுமார் 15 பார், ஆர்-134ஏ-வுக்கு 17-ஐ நெருங்கும். ஆர்-12-க்கே திக்கித் திணறிய கண்டன்சர்கள், ஆர்-134ஏ போட்டதும் சிக்னலில் கையை விரித்துவிடும். "134-க்கு மாத்தினதிலிருந்து ஏசி வேஸ்ட்" என்பவர்கள் குறை சொல்ல வேண்டியது கேஸை அல்ல, கண்டன்சரை.

பழைய ஹோஸ்கள் வேறு. அந்தக் காலத்து ரப்பருக்குள் கேஸைத் தடுக்கும் நைலான் உறை இல்லை. ஆர்-134ஏ மூலக்கூறு சின்னது, இவ்வளவு நீளமான ஹோஸின் சுவர் வழியாகவே மெதுவாக வெளியேறிவிடும். வருடா வருடம் கேஸ் நிரப்புகிறவர்கள் லீக் எங்கே என்று சேர்மானங்களில் தேடிக்கொண்டிருப்பார்கள். லீக் ஹோஸ் முழுக்க இருக்கும். உறை உள்ள புது ஹோஸ் போடுவது பலன் உடனே கண்ணுக்குத் தெரியாத செலவு. ஆனால் அதைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் செய்வது ஓட்டை வாளியில் இறைப்பதுதான்.

கண்டன்சரில் நான் தேர்ந்தெடுப்பது முன்பக்கத்தை. ஓடும்போது எதிர்க்காற்று நேராகக் கிடைக்கும், நிற்கும்போது தனி எலெக்ட்ரிக் ஃபேன் இருக்கிறது, இன்ஜின் சூடு கிட்டே வராது. பழைய குழாய்-தகடு வகைக்குப் பதில் பேரலல் ஃப்ளோ வகை (பல மெல்லிய குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் பாய்வது) போட்டு, ஃபேனையும் வலுவானதாக மாற்றினால், அதே இடத்தில் கணிசமாக அதிகச் சூடு வெளியேறும். அது போதாவிட்டால் பின் சக்கர வளைவுக்குள் ஃபேனோடு பொருத்தும் கூடுதல் கண்டன்சர் அடுத்த படி. இன்ஜின் மூடியில் இருப்பதைப் பெரிதாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே அதிகமாகத் தள்ளும் சூடு முழுக்க இன்ஜினுக்குத்தான் போகிறது. இன்ஜின் எண்ணெய் சூடு ஏற்கெனவே மேலே நிற்கும் வண்டியில் அதைத் தொடவே கூடாது.

பல எஸ்சி வண்டிகளில் இருக்கும் யார்க் கம்ப்ரஸர் கனமானது, குலுங்குவது. அதை எடுத்துவிட்டு சாண்டன் போன்ற குலுக்கல் குறைந்த வகை போடுவது நல்ல மாற்றம்தான், ஆனால் குளிர் கூடும் என்பதற்காக அல்ல, இன்ஜின் அமைதியாக ஓடும் என்பதற்காக. கம்ப்ரஸர் செத்தபிறகு செய்தால் போதும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று புரொப்பேன், பியூட்டேன் கலந்த கேஸை யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்விக்கும், மறுக்கவில்லை. ஆனால் எவாப்பரேட்டர் கசிந்தால் எரியும் கேஸ் நேராகக் கேபினுக்குள் வரும். ஆர்-12 வண்டியில் அதை ஊற்றுவது அமெரிக்காவில் சட்டப்படியும் குற்றம்.

ஹீட்டர் என்ற உள்வீட்டு எதிரி

காசே செலவில்லாத இந்த விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 911-இல் ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் கிடையாது. சைலன்ஸருக்குப் போகும் புகைக்குழாயைச் சுற்றிய உறைக்குள் காற்றை ஊதி, அந்தச் சூடான காற்றைக் கதவுகளுக்குக் கீழே உள்ள குழல் வழியாகக் கேபினுக்கு அனுப்புவார்கள். ஹீட்டர் வேண்டாதபோது பின்னால் உள்ள மடல் பெட்டிகள் அந்தக் காற்றை வெளியே திருப்பிவிட வேண்டும். கேபிள் தளர்ந்தாலோ மடல் துருப்பிடித்துப் பாதியில் நின்றாலோ, ஜூலை மாதத்திலும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் ஏசிக்கு எதிராக!

அரைமணி ஓட்டிவிட்டு, கால் வைக்கும் இடத்து ஹீட்டர் வாயில் கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் வண்டியை உயர்த்தி மடல்களைச் சரி செய்யுங்கள். வெளிக்காற்று லீவர் முழுக்க மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடிகளுக்கு வெப்பம் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவதும் இதே வகை வேலை. சட்டம் ஊருக்கு ஊர் வேறுபடும், முன் கண்ணாடிக்கு விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். உள்ளே வரும் சூட்டைக் குறைத்தால் இருக்கிற காற்றே போதுமானதாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஏசி?

சமீப வருடங்களில் எலெக்ட்ரிக் கம்ப்ரஸரை முன் டிக்கியிலேயே வைக்கும் முழு கிட்கள் வந்திருக்கின்றன. யோசனை அழகானது. பின்னால் இருந்து முன்னால் வரும் நீள ஹோஸ்கள் போய்விடும். இன்ஜின் மூடியில் கண்டன்சர் வேண்டாம். இன்ஜின் மெதுவாக ஓடினாலும் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடலாம், சிக்னல் பிரச்சினை தீரும்.

எனக்குத் தயக்கம் கரண்டில். 3 கிலோவாட் குளிருக்கு ஒன்றேகால் கிலோவாட் மின்சாரம் என்று வைத்தாலும் 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் பக்கம் போகிறது. கரேரா 3.2-இன் ஆல்டர்னேட்டர் புதிதாக இருந்தபோதே சுமார் 90 ஆம்பியர்தான். ஹெட்லைட், ஃப்யூல் பம்ப், ஃபேன்கள் எல்லாம் அதிலிருந்தே சாப்பிட வேண்டும். ஆல்டர்னேட்டரோ இன்ஜின் ஃபேனின் நடுவில் உட்கார்ந்து அதே பெல்ட்டில் சுற்றுகிறது, ஆகவே நின்றிருக்கும்போது முழு 90-உம் கிடைக்காது. கிட்டோடு பெரிய ஆல்டர்னேட்டரும் வாங்கியாக வேண்டும். மொத்தத்தில் மற்ற எல்லா வழிகளையும் கூட்டினால் வரும் செலவை இது ஒன்றே தொட்டுவிடும். ஏசி சாமான்களே இல்லாத வண்டிக்குப் புதிதாகப் போடுகிறவருக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஓரளவு ஓடும் ஏசி உள்ளவருக்கு இன்றைக்கு அவசரமில்லை.

யார் எதை எடுப்பது

வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர், சுமாரான வெயில் உள்ள ஊர்: ஃப்யூஸ் துடைப்பது, ரிலே, பஞ்சு, ஹீட்டர் மடல். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1986-க்கு முந்தைய வண்டியென்றால் நடு வெண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸிலோ அரிசோனாவிலோ கோடையிலும் அடிக்கடி ஓட்டுபவர் அதோடு நிற்க முடியாது. புது ஹோஸ், முன் கண்டன்சர், வலுவான ஃபேன் மூன்றையும் ஒரே தடவையில் செய்யுங்கள். கேஸ் இறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, வேக்குவம் போட்டு, மறுபடி நிரப்ப வேண்டும் என்பதால் தவணை முறையில் செய்தால் கூலியே முழுங்கிவிடும். எவாப்பரேட்டரைக் கழற்றிக் கழுவுவதும் அதே நாளில். ப்ளோயரை இதற்கெல்லாம் பிறகு, அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

வண்டியைக் காட்சிக்கும் விற்பனைக்கும் ஒரிஜினலாக வைத்திருப்பவர் ஓட்டை போடாத, வெட்டாத வேலைகளை மட்டும் எடுக்கட்டும். கழற்றிய பழைய சாமான்களைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் இருக்கிறது.

கடையிலிருந்து வண்டியை எடுக்கும்போது நிழலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் காட்டும் குளிரை நம்ப வேண்டாம். மதியம் ஒரு மணிக்குப் போங்கள். தெர்மாமீட்டரை வெண்டில் செருகிக்கொண்டு இருபது நிமிடம் ஹைவேயில் ஓட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்று மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் கண்டன்சர் ஃபேன் ஓடுகிறதா, சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். ஃபேனின் இரு வயர்களையும் மாற்றி மாட்டிவிட்டால் அது காற்றைத் தவறான பக்கம் தள்ளும், பார்ப்பதற்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.